திரள்களின் நடுவிடம்: வானியலார் சந்திரசேகரின் வாழ்வும் ஓர் உராய்வுக் கணக்கும்

வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு வருவன இரண்டு செய்திகளே. கப்பலில் செல்லுங்கால் அவர் கணக்கிட்ட வெண்குறுமீன் நிறை வரம்பு ஒன்று. அவ்வரம்பை எடிங்டன் அவையறிய எள்ளியது மற்றொன்று. 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த நாள்தொட்டு நாம் தமிழில் படித்த வாழ்க்கைக் குறிப்புகளுள் பல இவ்விரண்டையும் விரித்துரைத்து, இடையிலுள்ள ஐம்பதாண்டு உழைப்பை ஒரு தொடரில் கடந்துவிடுகின்றன. பரிசுரை தம் இளமைக்கால ஆய்வையே முன்னிறுத்தியது குறித்து அவரே மனங்குறைப்பட்டார் என்பர். அக்குறையில் பொருள் உண்டு என்பதே நம் கருத்து.

எனவே இக்கட்டுரையில் நாம் அவரது வேறோர் ஆய்வைக் கையிலெடுக்கிறோம். 1943ஆம் ஆண்டில், 32 அகவை நிறைந்த நிலையில், விண்மீன்களிடையே செல்லும் ஒரு விண்மீன் எவ்வாறு வேகம் குறைகிறது என்பதை அவர் கணக்கிட்டு வெளியிட்டார். வானத்தின் மிகப்பெரிய கூட்டங்களில் எது நடுவில் அமரும், எது ஓரத்தில் நிற்கும் என்ற வினாவுக்கு, முப்பதாண்டுகள் கழித்து அக்கணக்கு பயன்பட்டது. எழுதியவர் அதனை அந்நோக்கில் எழுதவில்லை. இச்செய்தியில்தான் அவருடைய ஆய்வு வாழ்வின் தன்மை தெளிவாகத் தெரிகிறது.

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19ஆம் நாள், லாகூரில். ஆயினும் குடும்பத்தின் வேர் காவிரிச் சமவெளியில் இருந்தது. பழைய தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி, மாங்குடி ஆகிய சிற்றூர்களைச் சார்ந்து நிலம் வைத்திருந்த வேளாண் மரபு அது. அம்மரபில் நிலத்தைவிட்டு ஆங்கிலக் கல்வியை நாடிச் சென்றவர் பாட்டனார் சந்திரசேகர ஐயர். திருச்சிராப்பள்ளியில் ஆசிரியப் பணியாற்றிப் பின்னர் 1892ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்குச் சென்றார். அவருடைய மக்களுள் ஒருவர் சர் சி.வி. இராமன், மற்றொருவர் நம் அறிஞரின் தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர். வயலின் கற்றவர்; கருநாடக இசையின் இலக்கணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். பாட்டனார் பெயரையே மூத்த மகனுக்கு இடும் வழக்கப்படி குழந்தைக்குச் சந்திரசேகர் என்ற பெயர் அமைந்தது.

அன்னையார் சீதாலட்சுமி அம்மையாரைத் தமிழ்த் துறையினராகிய நாம் தனியே நினைத்தல் வேண்டும். முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத அவர், பத்து மக்களை வளர்த்த இல்லத்தினூடே, நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் பெயர்த்தார். கணவன் கைப்பொம்மையாக வாழ மறுத்து வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதையை அக்காலத்து இல்லத்தரசி ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பது எளிதில் கடந்துசெல்லத்தக்க செய்தியன்று. மகனைக் கடல் கடந்து அனுப்பும் துணிவும் அவரிடமே இருந்தது. அவர் நோயுற்றிருந்த காலத்தில்தான் அப்பயணம் நேர்ந்தது. 1931 மே மாதத்தில் அவர் மறைந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

குடும்பம் 1916இல் இலக்குமணபுரிக்கும் (லக்னோ) 1918இல் சென்னைக்கும் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே கற்ற சிறுவர் 1922இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1925இல் மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். 1928இல் செருமானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தபோது, அவரைத் தேடிச்சென்று கண்ட இளைஞர், தாம் பாடநூல்களில் கற்ற அணுவியல் முற்றிலும் மாறிவிட்டதை அறிந்து திகைத்தார். திகைப்போடு நின்றுவிடாமல் புதிய புள்ளியியலைத் தாமே கற்று ஆய்வுரை எழுதினார். அது இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் அச்சேறியது. மாணவப் பருவத்தில் அவர் கைக்கொண்ட அப்புள்ளியியல் நோக்கு, பின்னாளில் நாம் பேசப்போகும் உராய்வுக் கணக்கிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

1930 சூலை 31இல் பம்பாயிலிருந்து கப்பலேறியதும், வழியில் வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டெனக் கண்டதும் யாவரும் அறிந்தவை. அவ்வரம்பு ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 சனவரி 11ஆம் நாள் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதனை நகைப்புக்குரியதாக்கினார். தம்மோடு உணவுண்டு, தம் கணக்கின் வளர்ச்சியை நாள்தோறும் கேட்டறிந்த பெரியவரே அவ்வாறு செய்தார் என்பதுதான் அவ்விளைஞருக்கு வலித்தது. இதனை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை. அதன் விளைவு ஒன்றை மட்டும் குறிப்போம். வாதாடிக் காலங்கழிக்காமல், விண்மீன் அமைப்புப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் 1939ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி முடித்து, அத்துறையை மூடிவைத்துவிட்டு அவர் வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையில் பல்லாண்டு ஆழ்ந்து, பெருநூல் ஒன்று எழுதி, பின்னர் அதைவிட்டு நீங்குதல் என்னும் வழக்கம் அங்குத் தொடங்கி இறுதிவரை தொடர்ந்தது.

1936 செப்டம்பரில் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா துரைசாமி அம்மையாரை மணந்து, 1937 தொடக்கத்தில் அமெரிக்கச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்சு வானாய்வகத்தில் பணியேற்றார். அங்கும் தோலின் நிறம் குறுக்கே நின்றது. 1938இல் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்குப் புலத்தலைவர் ஒருவர் தடைசொன்னார். துணைவேந்தர் நிலையிலிருந்த ஹட்சின்சு அத்தடையை விலக்கினார்.

இனி அவர் நுழைந்த புதிய துறைக்கு வருவோம். அதற்குமுன் சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். தமிழில் இத்துறைச் சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. அண்டம், உடுமண்டலம், விண்மீன் மண்டலம் எனப் பலவாறு எழுதுகின்றனர். மண்டலம் என்பது இராசிகளுக்கும் வழங்குவதால் மயக்கம் தருகிறது. விண்மீன்கள் பலநூறு கோடிக் கணக்கிலும் பல்லாயிரங் கோடிக் கணக்கிலும் கூடியதைத் திரள் என்றே நாம் வழங்குவோம். நம் ஞாயிறு உறையும் பால்வெளி அத்தகைய திரள்களுள் ஒன்று. அத்திரள்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றையொன்று ஈர்த்துக் கூடி நிற்பதைக் கொத்து என்போம். உறுப்பினர் மிக்க கொத்து செறிகொத்து.

திரள் என்பது பால்வெளிக்கு அப்பாலும் உண்டு என்ற அறிவே அன்று மிகப் புதியது. ஆந்திரமீடா திரளை எழுத்தில் பதிந்த முதல்வர் எனக் கருதப்படுபவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக வானியலார். ஹிஜ்ரி 353, அதாவது கி.பி. 964 அளவில் எழுதிய நிலைமீன் நூலில் அதனை ஒரு சிறு மேகமாகக் குறித்தார். அம்மேகம் நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனித்திரள் என்பது ஹபிளின் அளவீடுகளால் 1920களின் நடுவில்தான் உறுதியாயிற்று. இடையில் ஆயிரமாண்டுக்குச் சற்றே குறைவு. சந்திரசேகர் கப்பலேறியது அவ்வுறுதிக்குச் சில ஆண்டுகளே கழித்து. 1933இல் ஸ்விக்கி என்பார் கோமா கொத்தின் திரள்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுவதைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் அங்கு இருந்தாக வேண்டும் என்றார். அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

சந்திரசேகரின் கண் அப்போது கொத்துகளின்மேல் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது அதனினும் சிறிய ஒன்று. கார்த்திகை மீன்களைப்போல் சில நூறு விண்மீன்கள் சேர்ந்திருக்கும் சிறுகூட்டங்கள் எத்துணைக் காலம் சிதறாமல் நிற்கும் என்பதே அவர் வினா. ஒவ்வொரு மீனும் அண்டை மீன்களின் ஈர்ப்பால் இப்படியும் அப்படியும் தள்ளப்படுகிறது. அத்தள்ளல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர இயலாது. மொத்தமாக, புள்ளியியல் முறையில்தான் கருதவியலும். 1942இல் விண்மீன் இயக்கவியல் பற்றிய நூலை வெளியிட்டார். கணித மேதை ஜான் வான் நாய்மனுடன் சேர்ந்து, தாறுமாறாய்ப் பரந்த மீன்கள் தரும் ஈர்ப்பின் ஏற்ற இறக்கங்களை ஆய்ந்தார். போர்க்காலம் அது, ஆபர்டீன் படைக்கல ஆய்வுக் களத்தில் எறிபடை, அதிர்ச்சியலை பற்றிய பணிக்கும் அவர் சென்றுவந்தார்.

அவர் கண்ட சிக்கல் இதுதான். தாறுமாறான தள்ளல்கள் மட்டுமே செயற்படுமாயின் ஒரு மீனின் வேகம் நாளடைவில் கூடிக்கொண்டே போகும். கூட்டம் விரைவில் கலைந்துவிடும். நீரில் மிதக்கும் நுண்துகள் மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்படுவதை ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கியிருந்தார். அங்கே துகளின் வேகம் எல்லையின்றிக் கூடுவதில்லை. தள்ளுகின்ற அதே நீர் தடுக்கவும் செய்கிறது. அவ்வாறாயின் விண்மீன்களிடையேயும் தள்ளலோடு தடையும் உடன்பிறந்து வரவேண்டும் என்று அவர் தேர்ந்தார். காற்றுமில்லை, நீருமில்லை, ஒன்றையொன்று தொடுவதுமில்லை. ஆயினும் உராய்வு உண்டு. அதற்கு இயக்க உராய்வு எனப் பெயரிட்டார். ஈர்ப்பைத் தவிர வேறெதனையும் துணைக்கொள்ளாமல் அதன் அளவையும் வருவித்தார்.

தொடாமல் உராய்வது எங்ஙனம் என்று மாணவர் கேட்பது இயல்பு. நாற்றங்கால் சேற்றில் கால் புதைய நடப்பதை உவமையாகச் சொல்லலாம். எனினும் அது பொருந்தாது. சேறு காலைத் தொட்டுத் தடுக்கிறது. நடப்பவரை நோக்கி அது ஓடிவருவதில்லை. நம் வட்டாரத்தில் வேறோர் உவமை கிடைக்கிறது. கந்தூரி விழாவில் நாகையிலிருந்து நாகூருக்குச் சந்தனக்கூடு வருங்கால், தெருவோரத்து மக்கள் அதனை நோக்கி நெருங்குவர். அவர்கள் நெருங்கி வருவதற்குள் கூடு சற்றே முன்சென்றுவிடும். ஆதலின் நெரிசல் கூட்டின் முன்புறத்தைவிடப் பின்புறத்தே மிகும். விண்ணிலும் அவ்வாறே. பெருநிறை ஒன்று சிறுமீன்களிடையே செல்லும்போது அவை அதனால் ஈர்க்கப்பட்டு வளைந்து, அது கடந்துபோன தடத்தில் சேர்கின்றன. பின்னே சேர்ந்த அச்செறிவு தன் ஈர்ப்பால் முன்னே செல்வதைப் பின்னிழுக்கிறது. நடப்பவரின் பின்னே கயிறு கட்டி இழுப்பது போன்றது அது. கயிறோ அவரே திரித்தது. தடச்செறிவு என்னும் இவ்விளக்கம் பின்வந்தோர் தந்தது. சந்திரசேகர் தம் ஏட்டில் இருமீன் சந்திப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அனைத்தையும் கூட்டியே விடைகண்டார். விடை ஒன்றே.

அவ்விடையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. சூழ்ந்துள்ள பொருளின் அடர்த்தி மிகுந்தால் தடையும் மிகும். செல்வது மிக விரைந்து சென்றால் தடை குறையும். விரைவு இருமடங்கானால் தடை நான்கிலொன்றாகும். மூன்றாவது கூறே நம் பொருளுக்கு உயிர்நாடி: இழுவிசை செல்வதன் நிறையின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. பத்து மடங்கு நிறையுள்ளது நூறு மடங்கு இழுக்கப்படும். வேகம் தேய்வது பத்து மடங்கு விரைவாகும். அன்றாட வாழ்வில் பெரியது எளிதில் நிற்காது என்று அறிவோம். விண்ணில் அதற்கு மாறாகப் பெரியதே முதலில் தளர்கிறது. தளர்ந்தது நடுவை நோக்கி இறங்குகிறது.

இவ்வளவையும் எழுதிய சந்திரசேகர் சிறுகூட்டங்களின் வாழ்நாளைச் சீர்செய்துகொண்டு அப்பால் நகர்ந்தார். அடுத்து ஒளி விண்மீன் வளிமண்டலத்தில் சிதறிச் செல்லும் முறையை ஆய்ந்து 1950இல் நூலாக்கினார். பாய்மங்களின் நிலைப்பாட்டை 1961இலும், சுழலும் நீள்கோள உருவங்களை 1969இலும் நூலாக்கினார். 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ என்னும் இதழின் பதிப்பாசிரியராக இருந்து, ஒரு பல்கலைக்கழகத்து ஏட்டை நாட்டின் தலைமை ஏடாக உயர்த்தினார். மாணவர் பலரை உருவாக்கினார். ஈரான் நாட்டு யூசுஃப் சொபூதி சிகாகோவில் அவரிடம் பயின்று, தாயகம் திரும்பிச் சன்ஜான் நகரில் அடிப்படை அறிவியலுக்கென உயர்நிலை நிறுவனம் ஒன்றை எழுப்பியவர். 1964இல் முனைவர் பட்டம் பெற்ற ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர் என்ற மாணவரும் இங்கு நினைக்கத்தக்கவர். ஆசிரியர் மூடிவைத்த ஏட்டை மீண்டும் திறந்தவருள் அவர் ஒருவர்.

இதற்கிடையே செறிகொத்துகள் பற்றிய அறிவு பெருகியிருந்தது. 1958இல் ஜார்ஜ் ஏபெல் வான்படத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஆராய்ந்து 2,712 கொத்துகளைப் பட்டியலிட்டார். ஒளியில் மூன்றாம் இடத்திலுள்ள திரளைக் கொண்டு, அதனினும் இரண்டு ஒளித்தரத்துக்கு மேல் மங்காத உறுப்பினர் குறைந்தது 50 இருந்தாலே செறிகொத்து என்று வரையறை செய்தார். அத்தகைய கொத்து ஒன்றன் உள்ளமைப்பைக் காண்போம். கும்பகோணத்துக் கடைத்தெருவில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வெளியே வர வர இடைவெளி கூடுகிறது. வயல்வெளியை அடைந்தால் சிற்றூர்கள் தென்னந்தோப்புகளாய் எட்ட எட்டத் தெரிகின்றன. கொத்திலும் நடுவே நெருக்கம்; வெளியே செல்லச் செல்ல அருகல். கூர்ந்த விளிம்பு என ஒன்றில்லை. ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட திரள்கள் உள்ளன. அதன் நடுவே நீள்வட்ட வடிவினவாய் இரு பெருந்திரள்கள் வீற்றிருக்கின்றன. வேறு பல கொத்துகளில் ஒரே ஒரு பெருந்திரள், மங்கிய அகன்ற ஒளிப்போர்வையுடன், நட்டநடுவே அமர்ந்துள்ளது.

வடிவிலும் ஒழுங்கு உண்டு. 1980இல் ஆலன் டிரெஸ்லர் 55 செறிகொத்துகளை ஆய்ந்து, நெருக்கம் மிக்க இடங்களில் நீள்வட்டத் திரள்களும் அவற்றையொத்தவையும் மிகுந்திருப்பதையும், நெருக்கம் குறைந்த ஓரங்களில் சுருள் திரள்கள் மிகுவதையும் காட்டினார். களத்துமேட்டில் நெல் தூற்றக் கண்டவர்க்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். மணி அருகே விழும். பதர் எட்டப் போகும். ஆனால் களத்தில் பிரித்தெடுப்பது காற்று. விண்ணில் பெருந்திரளை நடுவே சேர்ப்பது எது?

1975இல் ஆஸ்ட்ரைக்கரும் ஸ்காட் டிரமெயினும் சந்திரசேகரின் உராய்வைத் திரள்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். 1943இல் செல்வதும் மீன், சூழ்வதும் மீன். இப்போது செல்வது பல்லாயிரங் கோடி மீன்களடங்கிய ஒரு முழுத்திரள். சூழ்வது பிற திரள்களின் மீன்களும் கரும்பொருளும். சமன்பாட்டுக்கு அவ்வேறுபாடு தெரியாது. நிறை மிக்க திரள் தளர்ந்து நடுவுக்கு இறங்கும். அங்கு ஏற்கெனவே அமர்ந்துள்ள பெருந்திரள் அதனை விழுங்கும். விழுங்கியது மேலும் பருக்கும். 1977இல் ஆஸ்ட்ரைக்கரும் ஹாஸ்மனும் இதனைத் திரள்களிடையே ஒன்றையொன்று உண்ணும் செயல் என்றே விவரித்தனர். 1976இல் சைமன் ஒயிட் கணிப்பொறியில் ஒரு கொத்தை உருவாக்கி ஓடவிட்டபோதும் நிறை மிக்கவை நடுவில் சேர்வது புலப்பட்டது.

இங்கு நாம் ஒரு கட்டுப்பாட்டோடு பேசுதல் வேண்டும். சந்திரசேகரின் சமன்பாடே கொத்தின் அமைப்பு முழுவதையும் விளக்கிவிட்டது என்று எழுதுவது புகழ்ச்சியாகலாம், உண்மையாகாது. முழுதும் உருவான செறிகொத்தில் திரள்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் விரைவில் ஓடுகின்றன. மேற்சொன்ன இரண்டாம் கூற்றின்படி அவ்விரைவில் உராய்வு மெலியும். ஆகவே நடுத்தர நிறையுள்ள திரள்கள் அண்டத்தின் அகவை முழுதும் ஓடினாலும் பெரிதும் இறங்குவதில்லை. இறங்குபவை நிறை மிக்க சிலவே. மேலும் கொத்தின் பொது ஈர்ப்பு ஒவ்வொரு திரளின் வெளிப்போர்வையையும் உரித்துவிடுவதால் அவற்றின் நிறையும் உராய்வும் குறைகின்றன. விழுங்குதலில் பெரும்பகுதி, கொத்து கூடுமுன்னரே, மெல்ல ஓடும் சிறுகுழுக்களில் நடந்து முடிந்திருக்கும் என்பதே பின்னைய ஆய்வாளர் கருத்து. சுருள் திரள்கள் நடுவில் அருகியிருப்பதற்கு வேறு காரணங்களும் உள. கொத்தை நிரப்பியுள்ள கொதிவளி, உட்புகும் திரளின் வளியை உருவி எடுத்துவிடுகிறது என்பதனை 1972இலேயே கன், காட் என்னும் இருவர் எடுத்துரைத்தனர். வளி போனால் புதுமீன் பிறவாது.

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும், நடுவிடத்துப் பெருந்திரளின் கதையை எழுதப் புகும் எவரும் இயக்க உராய்வை விலக்கி எழுத முடிவதில்லை. சந்திரசேகரோ 1970களில் கருந்துளைகளின் கணிதத்தில் மூழ்கியிருந்தார். 1974இல் இதய நோய் அவரைத் தாக்கியது; அதற்குப் பின்னும் அப்பெருநூலை எழுதி 1983இல் வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 19இல், அவருடைய 73ஆம் பிறந்தநாளன்று, வில்லியம் ஃபவுலருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் செய்தி வந்தது. இளமையில் கண்ட வரம்புக்காகக் காத்திருந்து பெற்ற பரிசு என்று உலகம் பேசியது. நம் நோக்கில், வரம்பைக் கண்டவர் இருபதைத் தொடாத இளைஞர். உராய்வைக் கண்டவர் இகழ்ச்சியையும் இடமாற்றத்தையும் தாயின் மறைவையும் கடந்துவந்து நிலைபெற்ற ஆய்வாளர். பின்னவரை நாம் போதிய அளவு அறியவில்லை.

அவர் 1953இல் அமெரிக்கக் குடிமகனானார். அதனைத் தந்தையார் எளிதில் ஏற்கவில்லை. லாகூர், சென்னை, கேம்பிரிட்ஜ், சிகாகோ ஆகிய ஒவ்வோர் ஊருக்கும் அவர்மேல் ஓர் உரிமை உண்டு. காவிரிக்கரைச் சிற்றூர்கள் இரண்டுக்கு உள்ளது பாட்டனார் வழி உரிமை மட்டுமே. அதனைப் பெரிதுபடுத்திப் பேசும் ஆசை நம்மவர்க்கு உண்டு. எனினும் அந்நிலத்தை விட்டுச் சென்றமையால்தான் அக்குடும்பத்துக்கு அக்கல்வி வாய்த்தது என்பதையும் மறைத்தலாகாது. இறுதி ஆண்டுகளில் அவர் நியூட்டனின் ‘பிரின்சிபியா’வைப் பொதுவாசகர்க்கு விளக்கும் நூலை எழுதினார். அது 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டே ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் அவர் மறைந்தார். லலிதா அம்மையார் 2013 வரை வாழ்ந்தார்.

1999 சூலை 23இல் ‘கொலம்பியா’ விண்ணோடம் ஓர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்ணில் ஏற்றியது. அதற்குச் சந்திரா என்று பெயர். அத்தொலைநோக்கி அதிகம் நோக்கியவற்றுள் செறிகொத்துகளும் உள்ளன. பல கோடிப் பாகை வெப்பத்தில் கொத்தை நிரப்பியுள்ள வளி, எக்ஸ் கதிரில்தான் தெரியும். அவ்வளியின் நிறை கொத்திலுள்ள விண்மீன்கள் அனைத்தின் நிறையைவிடப் பன்மடங்கு. பெர்சியசு கொத்தின் வளியில், நடுத்திரளிலுள்ள கருந்துளையிலிருந்து கிளம்பிய ஒலியலைகள் வட்டம் வட்டமாய்ப் பரவுவதை அது காட்டியமை 2003இல் அறிவிக்கப்பட்டது. ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இரு கொத்துகளைப் பற்றிய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. அங்கு வளியும் வளியும் மோதிப் பின்தங்கின. திரள்களும் கரும்பொருளும் முன்னே சென்றுவிட்டன. தொட்டு உராய்வதற்கும் தொடாமல் உராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே படத்தில் காண விழைவோர் அதனைக் காணலாம்.

பெருநிறையின் பின்னே சேரும் அத்தடச்செறிவைக் கண்ணால் கண்டவர் உண்டா என்பது எஞ்சியுள்ள வினா. நம் பால்வெளியைச் சுற்றிவரும் துணைத்திரள்களுள் பெரியது பெரிய மகெல்லன் மேகம். அதுவும் இயக்க உராய்வால் தளர்ந்துகொண்டிருக்கிறது. நெடுங்காலம் சென்றபின் பால்வெளியோடு கலக்கும். 2021ஆம் ஆண்டில் ஆய்வாளர் குழு ஒன்று, பால்வெளியின் வெளிப்போர்வையிலுள்ள தொலைமீன்களை வானம் முழுதும் எண்ணி, அம்மேகம் கடந்துவந்த தடத்தில் மீன்கள் மிகுந்திருப்பதை வரைந்து காட்டியது. மேகம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அது தென்வானப் பொருள். வடநாட்டார்க்கும் ஐரோப்பியர்க்கும் தெரியாது. நம் சமவெளியின் தென்கோடியான கோடியக்கரையில் அது தென்திசைக் கடல்மேல் பத்துப் பாகை உயரம்வரை எழுகிறது. சம்பா அறுவடை முடியும் தை மாதக் கடைசியில், நிலவில்லாத, மூடுபனியில்லாத இரவில், எட்டு, ஒன்பது மணியளவில், விளக்கொளி எட்டாத கரையில் நின்று நேர்தெற்கே நோக்கினால் அது ஒரு மங்கிய வெண்திட்டாகத் தெரியும்.